கொழும்பின் அடிமட்ட உதைபந்தாட்டமும் அறக்கொடை முதலீடும்

கொழும்பில் அடிமட்ட உதைபந்தாட்டத்துக்குக் கிடைக்கும் அறக்கொடை பொதுவாகப் பந்து, சீருடை, சுற்றுப்போட்டிக் கிண்ணம் என்பவற்றோடு நின்றுவிடுகிறது. ஆனால் நகரத்தில் உண்மையான பற்றாக்குறை நிலந்தான். வெள்ளவத்தையில் நூற்பு நெசவு ஆலை இருந்த பெருங்காணியில் இன்று ஹவ்லொக் சிட்டி அடுக்குமாடிகள் நிற்கின்றன. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் முழு அளவு மைதானத்துக்கு இடமே இல்லை. கொட்டாஞ்சேனைக்கு உதைபந்தாட்டத்தில் பெயர்பெற்ற புனித பெனடிக்ட் கல்லூரியும் அருகே சுகததாச விளையாட்டரங்கும் உண்டு. 1995இல் தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை வென்றது அந்த அரங்கில்தான். எனினும் பெரிய அரங்கு ஒழுங்கைப் பிள்ளையின் அன்றாட ஆட்டத்துக்கு உதவாது. அவனுக்கும் அவன் தங்கைக்கும் வேண்டியது நடந்து போகும் தூரத்தில், காசு கேட்காத ஒரு சிறு மைதானம்.

ஆகவே கொடை முதலில் காணி உரிமைக்கும் அடுத்துப் பராமரிப்புக்கும் போகவேண்டும். இங்கிலாந்தில் 2000இல் தொடங்கிய ஃபுட்போல் பவுண்டேசன் என்ற அறக்கட்டளைக்குப் பிரீமியர் லீக், உதைபந்தாட்டச் சங்கம், அரசு ஆகிய மூன்றும் பணம் தருகின்றன. விண்ணப்பிக்கும் கழகம் காணியில் தனக்கு நீண்டகால உரிமை உண்டெனக் காட்டவேண்டும். செயற்கைப் புல்தரை பெற்றால், அதை மாற்றும் நாளுக்காக ஆண்டுதோறும் பணம் ஒதுக்கவும் வேண்டும். கொழும்புக்கு இது இன்னும் பொருந்தும். மழைக்காலத்தில் கோல் கம்பத்தின் முன்னால்தான் புல் முதலில் அழிந்து சேறாகிறது. அங்கே மண் போட்டு மட்டப்படுத்திப் புல் ஊன்ற ஆளும் சம்பளமும் இல்லையென்றால், திறப்புவிழாவில் நாடா வெட்டிய மைதானம் சில பருவங்களில் பாழாகிவிடும்.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் பசிக்கல்லவா பணம் போகவேண்டும் என்பது நியாயமான கேள்வி. பசிக்கு முன்னுரிமை உண்டுதான். ஆனால் ஒருமுறை இழந்த திறந்தவெளியை நெருக்கடி தீர்ந்தபின் எந்த விலைக்கும் மீட்க முடியாது. ஃபுட்சால் கூடங்கள் போதும் என்பார்கள். அவை மணிக்கணக்கில் வாடகை கேட்பவை. வசதியில்லாத பிள்ளை வாசலில் நின்றுவிடும். இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் வழியாக ஃபிஃபா நிதி வருகிறதே என்றால், 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியபோது அபிவிருத்தித் திட்டங்களும் சேர்ந்தே நின்றன. அந்தத் தடை ஓகஸ்டில்தான் நீங்கியது. மைதானத்தை ஒரு தனி அறக்கட்டளையின் பெயரில் வைப்பது இதனால்தான் அவசியமாகிறது. கொழும்புப் பாடசாலைகளுக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் காசோலை எழுதுமுன், காணியின் குத்தகை ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கவேண்டும்.