மாடியில் விழும் மழை முதல் பெருங்குடிக்குப் போகும் குப்பை வரை: தென்சென்னையில் சூழல் காக்கும் அமைப்புகள்

2019 ஜூன் மாதத்தை மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிவாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு போயின. தெருமுனைகளில் குடங்கள் வரிசை கட்டி நின்றன. தண்ணீர் இல்லாமல் சில உணவகங்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்து சேர்ந்தது.

அதற்கு மூன்றரை ஆண்டுகளுக்கு முன்பு, 2015 டிசம்பரில், இதே பகுதிகளில் அடையாறு கரைபுரண்டு ஓடியது. கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் மக்கள் மொட்டை மாடிகளில் தஞ்சம் புகுந்தார்கள். பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து, மத வேறுபாடு பார்க்காமல் சாப்பாடும் இடமும் கொடுத்தன.

ஒரு முறை வெள்ளம், ஒரு முறை வறட்சி. 2018இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது உண்மைதான். ஆனாலும் பெய்கிற ஆண்டுகளில் மழையை நிலத்துக்குள் இறக்கி வைக்கும் பழக்கம் நம்மிடம் குறைவு என்பதையும் மறுக்க முடியாது. இந்த நிலையை மாற்ற நம் அக்கம்பக்கத்திலேயே பல ஆண்டுகளாக உழைக்கும் அமைப்புகள் உண்டு. அவை எவை, என்ன செய்கின்றன, நம் குடும்பங்களும் ஜமாஅத்துகளும் அவற்றிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஏரி இருந்த இடத்தில் ஊர்

இன்று துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்த தி.நகர், 1920களில் ஓர் ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்ட குடியிருப்பு. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை மவுண்ட் ரோட்டின் மேற்கே நீண்டு கிடந்த நீர்நிலையை ஆங்கிலேயர்கள் 'லாங் டேங்க்' என்று குறித்தார்கள். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது. பார்க்கத்தான் ஏரி இல்லை. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் ஏரி இருந்த இடத்தில் எழுந்ததே.

மயிலாப்பூர், சாந்தோம், பெசன்ட் நகர் ஆகியவை கடலை ஒட்டிய மணற்பாங்கான பகுதிகள். மணலில் மழைநீர் எளிதாக இறங்கும். தோண்டினால் நல்ல தண்ணீரும் கிடைக்கும். ஆனால் இறங்குவதைவிட அதிகமாக இறைத்தால், காலியான இடத்துக்குக் கடல்நீர் உள்ளே வந்துவிடும். ஒரு காலத்தில் இனித்த கிணறு உப்புக் கரிப்பது இதனால்தான். ஒரு முறை உப்பேறிய நிலத்தடி நீரை மீட்க ஆண்டுக்கணக்கில் ஆகும். போர்வெல்லை இன்னும் ஆழமாக இறக்குவது தீர்வாகாது.

மந்தைவெளியில் மழைக்கு ஒரு மையம்

இந்த உண்மையை வீடு வீடாகச் சென்று சொன்னவர் சேகர் ராகவன். இயற்பியல் படித்தவர், பெசன்ட் நகர்வாசி. 1990களின் நடுவில், மழைநீரைச் சாக்கடையில் விடாதீர்கள், கிணற்றில் விடுங்கள் என்று கதவுகளைத் தட்டியபோது பலர் காது கொடுக்கவில்லை. பின்னர் அமெரிக்காவில் வாழ்ந்த ராம் கிருஷ்ணனுடன் சேர்ந்து 'ஆகாஷ் கங்கா' அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் சார்பில் மந்தைவெளியில் 'ரெயின் சென்டர்' 2002 ஆகஸ்டில் அன்றைய முதல்வர் ஜெயலலிதாவால் திறந்து வைக்கப்பட்டது. மழைநீர் சேகரிப்பு எப்படி நடக்கிறது என்பதை மாதிரிகள் மூலம் நேரில் பார்த்து, தங்கள் கட்டடத்துக்கு எது பொருந்தும் என்று பொதுமக்கள் கேட்டறியும் இடம் இது.

அடுத்த ஆண்டே, 2003இல், தமிழகம் முழுவதும் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சட்டத்துக்காக அவசர அவசரமாகத் தோண்டப்பட்ட பல குழிகள் இன்று மண் மூடிக் கிடக்கின்றன. நம் வீட்டில் அப்படி ஒரு குழி இருக்கிறதா, குழாய் அதில்தான் போய்ச் சேர்கிறதா என்று பார்த்து எத்தனை ஆண்டு ஆயிற்று?

உங்கள் மாடியின் கணக்கு

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டிவிடும். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஓர் ஆண்டில் விழும் மழை சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் போக 80 சதவீதத்தைப் பிடித்தாலும் 1 லட்சம் லிட்டருக்கு மேல் வரும். 12,000 லிட்டர் லாரியில் கணக்கிட்டால் எட்டு லாரித் தண்ணீர். இதைத்தான் மழைக்காலத்தில் தெருவில் விட்டு, கோடையில் காசு கொடுத்து வாங்குகிறோம்.

செய்முறை எளிது. மாடியிலிருந்து இறங்கும் குழாய்களை ஒன்றாக இணைத்து, வடிகட்டித் தொட்டி வழியாகக் கீழ்நிலைத் தொட்டியில் (சம்ப்) விடலாம். முதல் மழையில் தூசியும் பறவை எச்சமும் வரும் என்பதால் அதை மட்டும் வெளியேற்றிவிட வேண்டும். தொட்டி நிரம்பியதும் வழியும் நீரைக் கிணற்றுக்குத் திருப்ப வேண்டும். கிணறு இல்லாத இடத்தில் மூன்றடி அகலத்தில், பதினைந்து அடி அளவு ஆழத்தில் உறை இறக்கி உறிஞ்சு கிணறு அமைக்கலாம். களிமண் அதிகமுள்ள தெருக்களில் ஆழமில்லாத குழி பயன் தராது. களிமண்ணைத் தாண்டி மணல் அடுக்கைத் தொட்டால்தான் நீர் இறங்கும். உறிஞ்சு கிணற்றை ஜல்லி போட்டு நிரப்பினால் தண்ணீர் நிற்கும் இடம் குறையும். சேறு அடைத்துக்கொண்டால் தூர்வாரவும் முடியாது. காலியாக விட்டு, மேலே உறுதியான மூடி போடுவது நல்லது. தெருவிலிருந்து வரும் அழுக்கு நீரையோ வடிகட்டாத நீரையோ போர்வெல்லுக்குள் நேரடியாக விடக் கூடாது.

உளூச் செய்த தண்ணீர்

பள்ளிவாசல்களுக்கு இதில் தனி இடம் உண்டு. பரந்த மாடி, ஹவுள், பல இடங்களில் பழைய கிணறு என எல்லாமே இருக்கின்றன. மாடி மழையை ஹவுளுக்கும் கிணற்றுக்கும் திருப்புவது முதல் வேலை.

இரண்டாவது, உளூச் செய்த தண்ணீர். குழாயைத் திறந்துவிட்டு உளூச் செய்யும் ஒருவர் 5 லிட்டர் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வக்துக்கு 100 பேர் வந்தால் ஐந்து வக்துக்கு 2,500 லிட்டர். ஜும்ஆவுக்கு இன்னும் கூடுதல். இந்த நீரில் சோப்போ எண்ணெயோ பெரும்பாலும் கலப்பதில்லை. கழிப்பறை நீரோடு சேர்த்துச் சாக்கடையில் விடாமல் குழாயைத் தனியாகப் பிரித்தால் போதும். ஜல்லியும் மணலும் நிரப்பிக் கல்வாழை நட்ட பாத்தியின் வழியாகச் செலுத்தி, தோட்டத்துக்கும் கழிப்பறைத் தொட்டிக்கும் பயன்படுத்தலாம், நிலத்திலும் இறக்கலாம். குளியலறை நீரைக் கல்வாழைப் பாத்தியில் சுத்திகரிக்கும் முறையைச் சென்னை அடுக்ககங்களில் பரப்பியவர் வேதியியலாளர் இந்துகாந்த் ரகடே. சோப்பு கலந்த நீருக்கே பயன்பட்ட முறை, உளூ நீருக்கு இன்னும் எளிது. குழாய்களை மெல்லிய ஓட்டம் தருபவையாக மாற்றினால் செலவாகும் அளவே பாதியாகக் குறையும்.

பள்ளிக்கூடங்கள்

பள்ளி வளாகம் முழுவதையும் நீர் சேமிக்கும் இடமாக மாற்ற முடியும் என்பதற்கு ஜெமினி மேம்பாலப் பகுதியில் உள்ள லிட்டில் ஃபிளவர் கான்வென்ட் பள்ளி எடுத்துக்காட்டு. பார்வை, செவித்திறன் குறைந்த பிள்ளைகள் படிக்கும் இப்பள்ளியில், நெதர்லாந்து அரசின் துணையுடன் 'ஆயிரம் குளங்களின் நகரம்' என்ற திட்டத்தின் முன்னோட்டம் செய்து காட்டப்பட்டது. மழைநீரைச் சேகரிப்பது, கழிவுநீரைச் செடிகள் வளர்த்த பாத்திகளில் இயற்கை முறையில் சுத்திகரிப்பது, மிஞ்சுவதை நிலத்துக்குள் இறக்குவது என மூன்றும் ஒரே வளாகத்தில் நடக்கின்றன.

ஆழ்வார்பேட்டை எல்டாம்ஸ் சாலையில் 1989இல் தொடங்கப்பட்ட சி.பி.ஆர். சுற்றுச்சூழல் கல்வி மையம், ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பள்ளிகளின் பசுமைப் படைகளுக்கு வழிகாட்டுதலும் தந்துள்ளது. நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளிலும் மதரஸாக்களிலும் இத்தகைய மாணவர் குழு இல்லையென்றால், தொடங்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்பது பெற்றோரின் உரிமை.

குப்பை எங்கே போகிறது?

சென்னையில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கும் மேல் குப்பை சேர்கிறது. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு குப்பைகள் காலங்காலமாகப் போய்ச் சேர்ந்த இடம் பெருங்குடி. அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி. மழைநீரை உள்வாங்கி வெள்ளத்தைத் தணிக்க வேண்டிய நிலம், பல பத்தாண்டுகளாக நம் வீட்டுச் சோற்றையும் பிளாஸ்டிக்கையும் சுமந்தது. குப்பைமேடு எரியும்போது அருகில் வாழும் ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள்தான் அந்தப் புகையை முதலில் சுவாசிக்கிறார்கள்.

இச்சதுப்பு நிலத்தின் அருமையை ஆய்வுகள் மூலம் எடுத்துக்காட்டியது 2000இல் தொடங்கப்பட்ட கேர் எர்த் அறக்கட்டளை. பள்ளிக்கரணையின் 1,247 ஹெக்டேர் பரப்பு 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அறக்கட்டளையின் ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025இல் ராம்சார் விருது கிடைத்தது.

குப்பையை வீட்டிலேயே பிரிக்கும் பழக்கத்தைச் சென்னையில் மக்கள் இயக்கமாக்கியது எக்ஸ்னோரா. வங்கி அதிகாரியாக இருந்த எம்.பி. நிர்மல் 1989இல் தொடங்கினார். தெருவாசிகள் சேர்ந்து மாதச் சந்தா போட்டு, மூன்று சக்கர வண்டியில் குப்பை எடுக்க ஒருவரை அமர்த்தும் முறை, மாநகராட்சி வீடுவீடாக வருவதற்கு முன்பே பல தெருக்களைச் சுத்தமாக்கியது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வீட்டிலேயே பிரித்துத் தருவதைக் கட்டாயமாக்கின. நுகர்வோர் உரிமைக்காக 1985 முதல் இயங்கும் 'சி.ஏ.ஜி.' அமைப்பு, கழிவு, மின்சாரம், காற்று மாசு குறித்த விதிகள் நடைமுறைக்கு வருகின்றனவா என்பதைக் கண்காணித்து மக்களுக்குச் சொல்லி வருகிறது.

கடைவீதியில் மஞ்சப்பை

ஒரு தலைமுறைக்கு முன்பு கடைக்குப் போகும் வாப்பாவின் கையில் மஞ்சப்பை இருக்கும். கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு கொடுத்த பை அது. பாலித்தீன் பை வந்ததும் மஞ்சப்பை பிடிப்பது கௌரவக் குறைவாகிப் போனது. 14 வகையான ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு விதித்த தடை 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை முதல்வர் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 10 ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரங்களும் வந்தன.

தி.நகரிலும் திருவல்லிக்கேணியிலும் கடை நடத்தும் நம் வணிகர்கள் நினைத்தால் இதில் பெரிய மாற்றம் வரும். கடைப் பெயர் அச்சிட்ட துணிப்பை பல மாதம் ஊர் சுற்றும் விளம்பரமும்கூட. வியாபாரத்திலேயே சூழலை முன்னிறுத்தியதற்கு, 2008இல் கொட்டிவாக்கத்தில் தன்னார்வலர்கள் தொடங்கிய 'ரீஸ்டோர்' உதாரணம். இயற்கை விவசாயிகளிடமிருந்து அரிசி, பருப்பை வாங்கி, வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பையிலும் டப்பாவிலும் அளந்து தரும் கடை அது.

மரம், ஆறு, கடல்

2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையின் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அழகுக்காக நட்ட வெளிநாட்டு மரங்கள் அவற்றில் நிறைய. நாட்டு மரங்களை நடச் சொல்லி 2005 முதல் இயங்குகிறது 'நிழல்' அமைப்பு. குப்பை கொட்டப்பட்ட அடையாற்றுக் கரையில் அது உருவாக்கிய கோட்டூர்புரம் மரப் பூங்காவில் பிள்ளைகளோடு நடந்தால் புங்கன், பூவரசு, புன்னை, மகிழம் எல்லாவற்றையும் அடையாளம் காட்டலாம்.

இடிபாடுகள் கொட்டிக் கிடந்த அடையாறு உப்பங்கழியின் 58 ஏக்கரைச் சீரமைத்து, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா திறக்கப்பட்டது. மாணவர்களை அழைத்துச் சென்று விளக்கும் வசதி அங்கே உண்டு. 2007இல் அருண் கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய இ.எஃப்.ஐ. அமைப்பு, தன்னார்வலர்களைக் கொண்டு ஏரி, குளங்களைச் சுத்தம் செய்கிறது. பெசன்ட் நகர் கடற்கரையில் 1980களின் இறுதியிலிருந்து மாணவர்கள் இரவு நடை சென்று கடலாமை முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, அந்தப் பணியின் அவசியம் எல்லோருக்கும் புரிந்தது.

நாம் தொடங்க வேண்டியவை

• செப்டம்பருக்குள் மாடியைக் கழுவி, மழைநீர்க் குழாய், வடிகட்டி, உறிஞ்சு கிணற்றைத் தூர்வாருங்கள். அடுக்ககமாக இருந்தால் சங்கக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக வையுங்கள்.

• பள்ளிவாசல் நிர்வாகத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மாடி மழை எங்கே போகிறது? உளூ நீர் எங்கே போகிறது? பழைய கிணறு மூடப்பட்டுவிட்டதா?

• சமையலறையில் இரண்டு வாளி வையுங்கள். மக்கும் குப்பை தனி, மக்காதது தனி. மாடியில் இடமிருந்தால் காய்கறித் தோலை உரமாக்குங்கள்.

• நிக்காஹ், வலீமா விருந்துகளில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பதில் கேனும் டம்ளரும் வையுங்கள். மிஞ்சும் பிரியாணியை அன்றிரவே தேவைப்படுவோருக்குக் கொண்டுசேர்க்க ஆள் நியமியுங்கள்.

• நோன்புக் கஞ்சியைப் பாலித்தீன் பையில் கட்டித் தருவதை நிறுத்தி, வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுவரச் சொல்லுங்கள். நம் உம்மாமார்கள் காலத்தில் அப்படித்தான் இருந்தது.

இதில் எதற்கும் பெரிய பணம் தேவையில்லை. ஒரு மஹல்லாவில் பத்து வீடுகளும் ஒரு பள்ளிவாசலும் மாடி மழையை நிலத்துக்குள் இறக்கினால், அந்தத் தெருவின் கிணறுகளில் அடுத்த கோடையிலேயே மாற்றம் தெரியத் தொடங்கும். அடுத்த மழைக்கு முன் உங்கள் வீட்டு மாடியில் ஒரு முறை ஏறிப் பாருங்கள்.