மந்தக் காலத்து மதராஸும் ராஜாஜியின் கடன் சட்டமும்

ரூஸ்வெல்ட்டைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், அமெரிக்காவில் வேலை கொடுத்தார்கள், அணை கட்டினார்கள். அதே சமயம் நம்ம மதராஸில் அரசாங்கம் என்னதான் செய்தது?" பதில் கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை விழுந்தது. அடுத்த மூன்று நான்கு வருஷங்களில் நம் மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. விளைச்சலில் குறையில்லை. விலைதான் இல்லை. ஆனால் நிலவரி ரூபாயில், கடன் ரூபாயில், வட்டியும் ரூபாயில். நூறு கலம் நெல் விற்றுத் தீர்க்க வேண்டிய கடனுக்கு இப்போது இருநூறு கலம் விற்கவேண்டும். கடன் கொடுத்தவர் ஒரு காசு கூட்டாமலே கடன் இரட்டிப்பாகிவிட்டது! இதை ஒரு முறை மனதில் வாங்கிக்கொண்டால் மீதிக் கதை தானாகப் புரியும். மாகாணத்தின் விவசாயக் கடன் 150 கோடி ரூபாய் என்று 1930-இல் வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. 1935-இல் சத்தியநாதன் என்ற அதிகாரி கொடுத்த அறிக்கையில் அது 200 கோடி.

1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டதும் தங்கத்துக்கு விலை ஏறியது. வரி கட்ட வழியில்லாத குடும்பங்கள் நகையை விற்றன. அந்தத் தங்கம் இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக வெளியே போயிற்று. (தி.நகர் உஸ்மான் சாலையில் அட்சய திருதியைக் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.)

அரசாங்கம் முதலில் செய்தது சிக்கனம். ஊழியர் சம்பளத்தில் 10 சதவீதம் வெட்டு. ரூபாயின் மதிப்பு பதினெட்டுப் பென்ஸ் என்பதை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். "மேட்டூர் அணை மந்தக் காலத்தில்தானே கட்டியது?" என்று சிலர் கேட்பீர்கள். 1934-இல் முடிந்தது உண்மை. ஆனால் தொடங்கியது 1925-இல். வேலையில்லாதவர்களுக்காகப் போட்ட திட்டம் அல்ல அது.

வேலை கொடுத்து உயிர் காக்கும் வழி இந்த அரசாங்கத்துக்குத் தெரியாததா? மயிலாப்பூர்க்காரர்களே, பறக்கும் ரயிலுக்குத் திருமயிலை நிலையத்தில் இறங்குகிறீர்களே, அதன் கீழே ஓடுகிற பக்கிங்ஹாம் கால்வாயைப் பாருங்கள். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அந்த எட்டுக் கிலோமீட்டர் 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில், பசித்து வந்தவர்களுக்குக் கூலி கொடுத்து வெட்டியது. அந்தக் கூலியையே ஒரு கட்டத்தில் ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையுமாகக் குறைத்தார்கள் என்பது தனிக் கொடுமை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். அந்த அனுபவத்துக்குப் பிறகு பஞ்ச நிவாரணத்துக்கென்று விதித்தொகுப்பே எழுதினார்கள். ஆனால் அது பஞ்சத்துக்கான விதி. 1930களில் தானியம் இருந்தது, வாங்கக் காசு இல்லை. இதற்கு அந்தப் புத்தகத்தில் பக்கமே கிடையாது. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸ், அரசு பொதுப்பணிகளில் பணத்தை இறக்க வேண்டும் என்று அந்த நாளிலேயே வாதாடினார். கேட்பார் இல்லை.

ஆக, மிஞ்சியது கடன் ஒன்றுதான். அதில்தான் மதராஸ் ஏதோ செய்தது.

லஸ் சர்ச் சாலையில், பழைய ஆட்கள் "நிலவள வங்கி" என்று சொல்லும் கூட்டுறவு வங்கியின் தலைமையகத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் மூலம் 1929-இல் தொடங்கிய மத்திய நில அடமான வங்கி. அரசாங்க உத்தரவாதத்துடன் கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டி, விவசாயியின் பழைய வட்டிக் கடனை அடைக்கக் குறைந்த வட்டிக்கு நீண்ட காலக் கடன் கொடுத்தது. நல்ல யோசனை. ஆனால் 200 கோடிக் கடலில் அது ஒரு குடம். 1936-இல் கடன் சமரச வாரியங்கள் வந்தன. கடன் கொடுத்தவர் சம்மதித்தால்தானே சமரசம்?

1937 ஜூலையில் ராஜாஜி முதல் மந்திரியானார் (பின்னாளில் தி.நகர் பசுல்லா சாலையில் குடியிருந்தவர்). 1938 மார்ச் 22 முதல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் அமலுக்கு வந்தது. கணக்கு இதுதான்: 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடனா? 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி முழுக்கத் தள்ளுபடி, அசல் மட்டும் பாக்கி. அசலும் வட்டியுமாக ஏற்கெனவே அசலைப்போல் இரண்டு மடங்கு கட்டியாயிற்றா? கடனே தீர்ந்தது. 500 ரூபாய் வாங்கி 700 கட்டியிருந்தால், இன்னும் 300 கொடுத்தால் போதும். 1932-க்குப் பின் வாங்கிய கடனுக்கு 5 சதவீதத் தனிவட்டி. இரக்கம் காட்டச் சொல்லிக் கெஞ்சாமல், நேராகக் கணக்கைத் திருத்திய சட்டம். அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

ஒரு பிரிவு எனக்கு மிகவும் பிடித்தது. வேறு சொத்து எதுவும் இல்லாத ஒரு பெண்ணுக்கு வரவேண்டிய கடன், அசல் 3,000 ரூபாய்க்கு உட்பட்டிருந்தால், சட்டம் அதைத் தொடாது. ஏன் என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணவன் போனபின் கையிலிருந்த கொஞ்சத்தைப் புரோநோட்டின்பேரில் கொடுத்து, அந்த வட்டியில் அரிசி வாங்கிய பாட்டிகள் எத்தனை பேர்! கடன் கொடுத்தவர் எல்லாரும் ஈட்டிக்காரர் இல்லை என்று சட்டம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

வருமான வரி கட்டிவந்தவர்களுக்குச் சட்டம் சலுகை தரவில்லை. தஞ்சாவூரில் நிலமும் ஹைகோர்ட்டில் தொழிலுமாக இருந்த மயிலாப்பூர் வக்கீல்கள் பலர் இதனால் விவசாயி ஆக முடியவில்லை. புரோநோட்டு மத்திய சட்டத்துக்கு உட்பட்டது, மாகாணம் எப்படிக் கைவைக்கலாம் என்று வழக்கு டெல்லி ஃபெடரல் கோர்ட் வரை போயிற்று. 1940-இல் சட்டம் நிலைத்தது. ஆனால் அதற்குள் கடன் கொடுப்பவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். விதைநெல்லுக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டவர் யாரிடம் போவது?

எனக்கு உறுத்துவது வேறு. சட்டப்படி "விவசாயி" என்றால் நிலத்தில் பாத்தியதை உள்ளவர். அடமான வங்கிக்கும் அடமானம் வைக்க நிலம் வேண்டும். நாற்று நட்ட பெண்ணும் ஏர் பிடித்த கூலியாளும் விவசாயக் கணக்கிலேயே வரவில்லை. வேலை குறைந்து கூலி குறைந்து அவர்கள்தான் முதலில் பட்டினி கிடந்தார்கள். ஊரக மக்கள் வேலை கேட்டு வாங்கச் சட்டம் வந்தது 2005-இல்.

உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் காலத்துப் புரோநோட்டு, அடமானப் பத்திரம், கோர்ட் டிக்ரி ஏதாவது இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தேதி 1932 அக்டோபருக்கு முன்னா பின்னா என்று பாருங்கள், பின்பக்கத்தில் வரவு எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பெயரை மறைத்துவிட்டே அனுப்பலாம்.