அடுப்பும் பென்சிலும்

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் சமையலறையின் வார்ப்பிரும்பு அடுப்புக்கு வர்ணம் அடிப்பதில்லை. கிராஃபைட் குழம்பைப் பூசிப் பளபளக்கும்வரை பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். துரு பிடிக்காது, ஆனால் புழக்கத்தில் தேய்ந்துவிடும், மறுபடி பூசவேண்டும். அடுப்பு ஆறியிருக்கும்போதுதான் முடியும் என்பதால் வேலைக்காரி விடியுமுன் எழுந்தாள்.

அவர்கள் அதைக் 'கறுப்பு ஈயம்' என்றார்கள். அதில் ஈயம் இல்லை, வெறும் கரி என்று 1779இல் ஷீலே காட்டினார். கிராஃபைட் என்ற பெயர் 1789இல் வெர்னர் வைத்தது, 'எழுது' என்ற கிரேக்க வினையிலிருந்து. பென்சிலை நினைத்திருக்கிறார், அடுப்பை அல்ல.

பணிப்பெண் ஹன்னா கல்விக் (1833–1909) அடுப்பும் துலக்கினாள், எழுதவும் செய்தாள். 1854 முதல் 1873 வரை நாட்குறிப்பு. எழுதச் சொன்னவர் ஆர்தர் மன்பி என்ற கவிஞர். 1873இல் ரகசியமாக அவளை மணந்தவர். கணப்பைக் கறுப்பாக்கியது, பூட்ஸ் துடைத்தது, படி கழுவியது என்று பெருமூச்சில்லாமல் போகிறது அவள் உரைநடை. மன்பியின் செய்யுளைவிட இது எழுத்து என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் தொகுதிகள் அவர் காலத்திலேயே வந்துவிட்டன. அவள் நாட்குறிப்பு புத்தகமாக 1984 ஆயிற்று.

பிற்பாடு எனாமல் அடுப்புகள் வந்தன, ஈரத்துணி போதும் என்றாயிற்று. பழைய அடுப்பைப் புதுப்பிக்கிறவர்களில் சிலர் இன்றும் கிராஃபைட்டைத்தான் பூசுகிறார்கள், பொழுதுபோக்காக.