ரெண்டு அடுப்பு, ஒரு ஜன்னல்: ரெட்டை சிப் கார்டுகளின் கதை

முதல்ல ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கறேன். 2017, காலேஜ் மூணாவது வருஷம். செகண்ட் ஹேண்ட்ல ஒரு ரெட்டை சிப் கிராஃபிக்ஸ் கார்டு மலிவா கிடைச்சுது. அம்மாகிட்ட புக் வாங்கணும்னு சொல்லி வாங்கின காசும் அதுல அடக்கம். ஹாஸ்டல் ரூம்ல மாட்டி, கேம் ஆரம்பிச்சு பத்து நிமிஷம்தான். டப்! பவர் சப்ளை போயே போச்சு. போனது சும்மா போகாம, ரூம்மேட்டோட ப்ராஜெக்ட் இருந்த ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிட்டுப் போச்சு. பய ரெண்டு வாரம் என்கூட பேசலை.

அது ஊர் பேர் தெரியாத ஒரு டப்பா. மேல 600 வாட்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. கார்டுக்குத் தேவையான 12 வோல்ட் லைன்ல எத்தனை ஆம்பியர் வரும்னு கீழ பொடி எழுத்துல இருந்ததை நான் படிக்கவே இல்லை. அந்தக் குற்ற உணர்ச்சியில தேட ஆரம்பிச்சதுதான் இந்த வரலாறு. தேடினப்போ ஒண்ணு புரிஞ்சுது. நான் மட்டும் இல்ல, கார்டு செஞ்ச பெரிய தலைகளும் ரெண்டே இடத்துலதான் முட்டிக்கிட்டு நின்னிருக்காங்க. ஒண்ணு, உள்ள வர்ற கரண்ட். இன்னொண்ணு, வெளிய போற படம்.

1999 கடைசியில ஏடிஐ ஒரு கார்டு விட்டாங்க. பேரு ரேஜ் ஃப்யூரி மேக்ஸ். ரெண்டு ரேஜ் 128 ப்ரோ சிப். ஒரு ஃப்ரேமை முதல் சிப் வரையும், அடுத்த ஃப்ரேமை ரெண்டாவது சிப் வரையும். ஒத்தைப்படை தோசை ஒரு மாஸ்டர், ரெட்டைப்படை தோசை இன்னொரு மாஸ்டர்னு வச்சுக்கோங்க. ஐடியா சூப்பர். ஆனா விண்டோஸ் 2000 வந்ததும் ஒரு சிப்தான் வேலை செஞ்சுது. காசு ரெண்டு மாஸ்டருக்கு, தோசை ஒருத்தர் சுட்டது :-)

அதே நேரம் 3டிஎஃப்எக்ஸ் வூடூ 5 வரிசையை அறிவிச்சாங்க. ரெட்டை சிப் 5500 கார்டு 2000ல கடைக்கு வந்துச்சு. ஏஜிபி ஸ்லாட் தர்ற கரண்ட் பத்தாம, ஹார்ட் டிஸ்க்குக்குப் போற அதே மோலெக்ஸ் வயரை கார்டுலயும் சொருகணும். நாலு சிப் 6000 கார்டுக்கு அதுவும் போதாதுன்னு, சுவத்து ப்ளக்குல மாட்டற தனி அடாப்டரே திட்டம் போட்டாங்க. 'வூடூ வோல்ட்ஸ்'னு அதுக்கு பேரு வேற. அந்தக் கார்டு கடைக்கு வரவே இல்லை. 2000 டிசம்பர்ல கம்பெனியோட சொத்துக்களை என்விடியா வாங்கப் போறதா அறிவிப்பு வந்துருச்சு.

அடுத்து பிசிஐ எக்ஸ்பிரஸ் காலம். இங்க ஒரு கணக்கு. ஸ்லாட் 75 வாட், 6 பின் இணைப்பு 75, 8 பின் இணைப்பு 150. கூட்டினா 300. இதுதான் லட்சுமணக் கோடு. 2009 நவம்பர்ல வந்த ரேடியான் ஹெச்டி 5970 இந்தக் கோட்டுக்குள்ள நிக்க பட்ட பாட்டைப் பாருங்க. ஒரு ஹெச்டி 5870க்கு 188 வாட், ரெண்டு சேர்த்தா 376. அதனால 850 மெகாஹெர்ட்ஸ் வேகத்தை 725ஆ குறைச்சு, 294 வாட்ல கொண்டுவந்து நிறுத்தினாங்க.

2011 மார்ச்ல பொறுமை போச்சு. ஹெச்டி 6990க்கு 375 வாட், ஜிடிஎக்ஸ் 590க்கு 365. ரெண்டுலயும் ரெண்டு 8 பின். 2014ல ஆர்9 295எக்ஸ்2 வந்தப்போ 500 வாட்! கம்பெனியிலேயே வாட்டர் கூலிங் மாட்டிக் குடுத்தாங்க. இணைப்பு மட்டும் அதே ரெண்டு 8 பின். ஸ்லாட்டோட 75 போக மிச்சம் 425. ஆக 150 வாட்டுக்கான இணைப்பு ஒவ்வொண்ணும் 212 வாட் சுமக்கணும். அதனாலதான் ஒவ்வொரு இணைப்பும் 28 ஆம்பியர் தரணும்னு ஏஎம்டி நிபந்தனை போட்டாங்க. நான் படிக்காம விட்ட அதே பொடி எழுத்து!

கரண்ட் கதை இப்படின்னா, படம் வெளிய போற கதை இன்னும் சோகம். எத்தனை மாஸ்டர் இருந்தாலும் தோசை ஒரே ஜன்னல் வழியாத்தான் வெளிய வரணும். ரெண்டாவது சிப் வரைஞ்ச ஃப்ரேம், மானிட்டர் மாட்டியிருக்கிற சிப்புக்குப் போய்த்தான் திரைக்கு வரும். 2008 மார்ச்ல வந்த 9800 ஜிஎக்ஸ்2ல ரெண்டு டிவிஐ, ஒரு ஹெச்டிஎம்ஐ உண்டு. ஆனா ரெண்டு சிப்பையும் சேர்த்து ஓட்டினா ஒரு மானிட்டர்தான் எரியும். அந்த வருஷக் கடைசியில ஃபோர்ஸ்வேர் 180 டிரைவர் வந்தப்புறம்தான் இந்தக் கொடுமை தீர்ந்துச்சு.

ஹெச்டி 6990ல ஒரு டிவிஐ, நாலு மினி டிஸ்ப்ளேபோர்ட். அஞ்சு மானிட்டர் மாட்டலாம். ஆனா தோசைகள் சீரா வரணுமே? ரெண்டு தோசை ஒண்ணா வந்து விழும், அப்புறம் நீண்ட காத்திருப்பு. எண்ணிப் பார்த்தா 60 ஃப்ரேம், கண்ணுக்கு அதுல பாதிதான். தி டெக் ரிப்போர்ட் தளத்தோட ஸ்காட் வாஸன் 2011ல ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆகுற நேரத்தை அளந்து காட்டினப்போதான் குட்டு வெளிப்பட்டுச்சு. ஏஎம்டி 2013 ஆகஸ்ட்ல டிரைவர்ல மருந்து குடுத்தாங்க. அதுவும் ஒத்தை மானிட்டருக்குத்தான். அஞ்சு ஜன்னலை நம்பி வாங்கினவனுக்கு அப்பவும் மருந்து கிடைக்கலை.

விளையாட வாங்குற ரகத்துல கடைசி ரெட்டை சிப் கார்டுன்னு 2016ல வந்த ரேடியான் ப்ரோ டுவோவைச் சொல்லலாம். மூணு 8 பின். அதுக்கப்புறம் மேக் ப்ரோவுக்காகவும் சிலது வந்துச்சு. புது கேம்கள் முந்தின ஃப்ரேமோட தகவலை வச்சுத்தான் அடுத்ததை வரையுது. பக்கத்து மாஸ்டர் முடிக்கிற வரைக்கும் இவர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்னா ரெண்டு பேர் எதுக்கு? 2021லேருந்து புது எஸ்எல்ஐ ப்ரொஃபைல் கிடையாதுன்னு என்விடியாவும் கையை விரிச்சுட்டாங்க.

சரி, பசியாவது அடங்குச்சா? 2025ல வந்த ஆர்டிஎக்ஸ் 5090 ஒத்தைச் சிப்தான், 575 வாட்! அதுவும் ஒரே ஒரு 16 பின் இணைப்பு வழியா. 2022ல 4090 வந்தப்போ இந்த ரக அடாப்டர் சிலது உருகின கதை எல்லாருக்கும் தெரியும். ரெட்டைப் பிள்ளைகள் போயாச்சு, அவங்க சாப்பாட்டை ஒத்தைப் பிள்ளை சாப்பிடுது.

ரூம்மேட் இப்போ பேசறான். போன மாசம் புது மெஷின் வாங்கணும்னு என்கிட்டதான் யோசனை கேட்டான். "மாப்ள, கார்டை அப்புறம் பாரு, முதல்ல பவர் சப்ளை ஸ்டிக்கர்ல இருக்கற பொடி எழுத்தைப் படி"ன்னேன். "நீ சொல்றியா?"ன்னு சிரிச்சான். நியாயம்தானே!