மோட்டாரைத் தொட்டா ‘சுர்’னு இழுக்குதா? ‘பாடி ஷார்ட்’ கண்டுபிடிப்பது எப்படி?

“லேசாத்தான் ஷாக் அடிக்குது, செருப்பு போட்டுக்கிட்டு சுவிட்ச் போட்டா போதும்.” கிணற்று மோட்டார் பற்றி பல வீடுகளில் இப்படிச் சொல்வதுண்டு. குமரி மாவட்டத்துக்கு தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. கடலோரத்தில் உப்புக் காற்று வேற. அதனால் இந்த ‘லேசான ஷாக்’கை இங்கே சாதாரணமாக விட முடியாது.

பாடி ஷார்ட் என்றால் என்ன?

மோட்டார் காயில் கம்பி மேல் வார்னிஷ் பூச்சு இருக்கும். ஈரம், சூடு, பழசாவது போன்ற காரணங்களால் பூச்சு கெட்டால், கரண்ட் இரும்புக் கூட்டுக்கு வந்துவிடும்.

எம்சிபி ஏன் ட்ரிப் ஆகல?

எர்த்தின் தடை 100 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் கசிவது 2.3 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்சிபி இதைக் கண்டுக்காது. ஆனால் மனித உடலுக்கு 30 மில்லி ஆம்பியருக்கு மேல் போனாலே உயிருக்கு ஆபத்து. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, போகும் கரண்டையும் திரும்பும் கரண்டையும் ஒப்பிட்டு, கசிவு அந்த அளவைத் தொட்டால் 0.3 விநாடிக்குள் துண்டித்துவிடும்.

எப்படி சோதிப்பது?

* முதலில் மெயின் ஆஃப். மோட்டார் ஒயர்களைக் கழற்றிவிடணும். கெப்பாசிட்டரில் கரண்ட் தேங்கி நிற்கும், கை வைக்காதீங்க.
* மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையை மோட்டார் ஒயரிலும், மறுமுனையை பெயின்ட் இல்லாத போல்ட்டிலும் வைக்கணும். தடை குறைவாகக் காட்டினால் பாடி ஷார்ட்.
* மல்டிமீட்டர் ‘ஓகே’ காட்டினாலும் நம்பிவிட முடியாது. அதன் சின்ன பேட்டரிக்கு சிக்காத கசிவு, 500 வோல்ட் மெக்கரில் சிக்கும். 1 மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் மோட்டாரை ஓட்டக் கூடாது. இதை எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்க.

ரோபோவுக்கும் இதே டெஸ்ட்தான்!

மாணவர்களுக்கான ‘ஃபர்ஸ்ட்’ ரோபோ போட்டியில் 12 வோல்ட் பேட்டரிதான். ஷாக் பயம் இல்லை. ஆனாலும் பேட்டரி முனைக்கும் ரோபோ சட்டகத்துக்கும் இடையே 120 ஓமுக்கு மேல் தடை இருக்கணும் என்பது விதி. ஒரு மோட்டார் பாடி ஷார்ட் ஆனாலும் அளவு இறங்கிவிடும். எந்த மோட்டார் என்று பிடிக்க, ஒவ்வொன்றாகக் கழற்றி அளக்கணும்.

இதை மட்டும் செய்யாதீங்க

அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு ஆர்சிசிபியை பைபாஸ் செய்வது, எர்த் ஒயரைக் கழற்றிவிடுவது இரண்டுமே ஆபத்து. யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை ஆஃப் பண்ணிட்டு, 108-ஐ அழையுங்க.