மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கார்களும் ‘பாக்ஃபயர்’ சத்தமும்

மில்லிக்கனில் ஸ்டீல்ஸ் வீதியை அண்டிய குடியிருப்புகளூடாகப் பழைய பிக்கப் வண்டியொன்று ‘டமார்’ என வெடித்துக்கொண்டு செல்கையில், அதைத் துப்பாக்கி வேட்டெனக் கருதி ஒரு கணம் உடல் குறுகிப்போகும் முதியவர்கள் எம்மவர் வீடுகளில் இன்றும் உளர். அதே சத்தத்துக்குக் காதைக் கொடுத்து, “காபரேற்றருக்குள்ளால வெடிக்குதோ, சைலன்சருக்குள்ளால வெடிக்குதோ” என்று ஆராய்வோரும் உளர். இரு சாராரையும் உருவாக்கியது ஒரே காலம்தான். யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடைக்குள் கிடந்த காலம் அது.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்டதும் பெற்றோல், பற்றறி, உதிரிப்பாகம் ஆகியன வடக்கே செல்வது தடுக்கப்பட்டது. ஆனையிறவுப் பாதை மூடப்பட, கிளாலிக் கடல்நீரேரியே மக்களின் வழியாயிற்று. பெற்றோல், மருந்தைப் போலத் துளி கணக்கில் அளந்து பாவிக்கும் பொருளானது. இந்நிலையில் 1977க்குப் பின் வந்த ஜப்பானிய வாகனங்கள் பல கொட்டகைகளில் உறங்க, அவற்றுக்கு முந்திய ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற கிழட்டுக் கார்கள் வீதிக்கு வந்தன. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இலங்கையில் வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால், உள்ளதைப் பழுதுபார்த்துப் பேணும் பழக்கம் எம் கராஜ்களில் ஊறிப்போயிருந்தது. அப்பழக்கமே இப்போது கைகொடுத்தது.

மண்ணெண்ணெயில் கார் ஓடியதை எம்மவர் அதிசயமாகச் சொல்வதுண்டு. அதிசயம் ஏதுமில்லை என்பதே எனது கருத்து. பெற்றோல் ஏறத்தாழ 40 பாகை செல்சியசிலேயே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய்க்கு 150 பாகையளவு வேண்டும். எனவே எஞ்சினைப் பெற்றோலில் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். மண்ணெண்ணெய் அழுத்தம் தாங்காது தட்டும் தன்மையுடையது. ஆதலால் அழுத்த விகிதம் குறைந்த பழைய எஞ்சினே பொருத்தம். நாற்பதுகளின் பிற்பகுதியிலேயே பிரித்தானியாவின் பெர்குசன் உழவு இயந்திரங்களுள் ஒருவகை இம்முறையில்தான் ஓடியது. அந்தப் பெர்குசன் நிறுவனம் 1953இல் இணைந்துகொண்டது எமது ரொறன்ரோவின் மசி-ஹரிஸ் நிறுவனத்துடன் என்பதும் குறிப்பிடத்தக்கது. எம் ஊர் வயல்களில் உழுத மசி பெர்குசன் என்ற பெயர் பிறந்த கதை அதுவே.

ஆனால் பெர்குசன் இயந்திரத்தில் எரிபொருளைச் சூடாக்கவெனத் தனி அமைப்பிருந்தது. ஒஸ்ரினில் அது இல்லை. சிறு போத்தலிலிருந்து மெல்லிய குழாய் வழியே சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைத் தொடக்கினர். பெற்றோலை மிச்சம்பிடிக்கும் அவசரத்தில் எஞ்சின் சூடேறுமுன்னரே மண்ணெண்ணெயைத் திறந்தால் வெடிக்கும். இரவில் பிரசவத்துக்கு ஒரு பெண்ணை ஏற்றிச்செல்லும் வாடகைக்கார் நடுவீதியில் வெடித்து நின்றால் என்னாகும் என்பதை விளக்கவேண்டியதில்லை. ஆகவே வெடியின் காரணத்தை விரைந்து அறிவது உயிர்ப்பிரச்சினையாயிற்று.

அனுபவசாலியான மெக்கானிக் முதலிற் கேட்பது, வெடி முன்னாலா பின்னாலா என்பதையே. முன்னால், அதாவது காபரேற்றர் வழியே செருமுவதுபோல் வெடித்தால், உட்செல்லும் கலவையில் எரிபொருள் போதாது என்று பொருள். ஆவியாகாத மண்ணெண்ணெய் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ள, சிலிண்டருக்குள் போகும் மெலிந்த கலவை மெதுவாக எரிகிறது. உள்வால்வு மீண்டும் திறக்கும்போதும் நெருப்பு அணையாதிருந்து வெளியே பாய்கிறது. சூடேறியபின் இது நின்றால் பிழை அவ்வளவே. சூடேறியும் ஒரே தாளத்தில் தொடர்ந்தால், ஒரு வால்வு கருகியோ பிசின் படிந்தோ சரியாக மூடவில்லை எனச் சந்தேகிக்க வேண்டும்.

பின்னால், சைலன்சரில் வெடிப்பது எரியாத எண்ணெய் அங்கு சென்று பற்றுவதால். கரிபிடித்த பிளக் முதற் சந்தேகத்துக்குரியது. அடுத்தது தீப்பொறியின் நேரம். மண்ணெண்ணெயின் தட்டுச் சத்தத்தை அடக்கவென டிஸ்ரிபியூற்றரைச் சற்றுத் திருப்பிப் பொறியைப் பிந்தவைப்பது வழக்கம். அளவுக்கு மீறிப் பிந்தினால் எரிதல் புகைக்குழாய்வரை நீளும். அக்சிலேற்றரை விட்டவுடன் மாத்திரம் வெடிக்குமாயின் புகைக்குழாய் மூட்டில் காற்றுப் புகுகிறது.

அளவு கருவிகள் இல்லாத அந்நாளில் மிகச் சிறந்த கருவியாக விளங்கியது ஹாண்டில். பற்றறி இல்லாமையால் எஞ்சினைச் சுற்றித் தொடக்கவும் அதுவே, சோதிக்கவும் அதுவே. மெதுவாக இரு முறை சுற்றினால் நான்கு சிலிண்டர்களின் எதிர்ப்பும் கையில் ஒவ்வொன்றாகத் தெரியும். எங்கே இளகுகிறதோ அங்கே வால்வோ றிங்கோ பழுது. பொறி முந்தியிருந்தால் ஹாண்டில் எதிர்த்தடித்து மணிக்கட்டை முறிக்கும். பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே பிடிக்கவேண்டுமென முதியோர் கண்டித்தது இதனாற்றான். 1912இல் கடிலாக் நிறுவனம் மின் ஸ்ராட்டரைக் கொணர்ந்ததும் இத்தகைய விபத்துகள் மலிந்திருந்த உலகில்தான்.

இவ்வாறு ஓடிய எஞ்சின்கள் விலை கொடுத்தே ஓடின. எரியாத மண்ணெண்ணெய் றிங்குகளைத் தாண்டி எஞ்சின் ஒயிலில் கலந்தது. அளவுக்கோலில் ஒயில் குறைவதற்குப் பதிலாக ஏறுமாயின் பேரிங் தேய்கிறதென்று அறியலாம். புகையைச் சுவாசித்தவர்களின் நெஞ்சுக்கு என்ன நேர்ந்தது என்பதை எவர் கணக்கிட்டார்? 1995 அக்டோபர் இடப்பெயர்வின் பின் வன்னியிலும் இவ்வித்தை தொடர்ந்தது. 2002இல் ஏ-9 பாதை திறந்தபின் அதன் தேவை தணிந்தது. 2022இன் எரிபொருள் நெருக்கடியில் மண்ணெண்ணெயுமே கிடைக்கவில்லை.

இன்றைய வாகனங்களில் கணினி பிழையின் இலக்கத்தைச் சொல்லும். காபரேற்றருள்ள எழுபதுகளின் பிக்கப்போ வாய் திறவாது. அங்கே யாழ்ப்பாணத்துக் காதுதான் வேண்டும். அவற்றுட் பலவற்றில், புகைக்குழாயின் வெப்பத்தைக் காற்று வடிகட்டிக்குக் கொண்டுசெல்லும் தகரக் குழாயொன்று உண்டு. அது கழன்று தொலைந்திருந்தால், கனடாக் குளிரில் பெற்றோலும் மண்ணெண்ணெயைப் போலவே ஆவியாக மறுத்து முன்னால் செருமும். பிளக், காபரேற்றர், டிஸ்ரிபியூற்றர் மூடி யாவற்றையும் மாற்றியும் அடங்காத வெடி செவர்லே வி-8 எஞ்சினில் இருந்தால், ஐந்தாம் ஏழாம் பிளக் வயர்களைப் பாருங்கள். அவ்விரு சிலிண்டர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து அடுத்தடுத்துப் பற்றுபவை. வயர்கள் ஒட்டி ஓடினால் ஐந்தின் மின்சாரம் ஏழில் தூண்டப்பட்டு நேரத்துக்கு முந்திப் பொறியெழுப்பும். இரண்டையும் பிரித்து, நடுவே வேறொரு வயரை விட்டுக் கட்டிப் பார்த்த பின்னரே எஞ்சினைக் கழற்ற நினைக்கலாம்.