ஒரு கிலோபைட்டில் ஒரு பள்ளிக்கூடம்

இந்தக் கட்டுரையின் முதற் பத்தியைத் தமிழில் தட்டச்சு செய்து இன்றைய கணிப்பொறி ஒன்றில் சேமித்து வைத்தால், அதற்கே 1,024 பைட்டுக்கு மேல் இடம் தேவைப்படும். 1,024 பைட் என்பது ஒரு கிலோபைட். 1981-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ஒரு வீட்டுக் கணிப்பொறியில், பயன்படுத்துவோருக்கெனத் தரப்பட்ட நினைவகம் முழுவதுமே இந்த ஒரு கிலோபைட்தான்! ஆயினும் அதில் ஆணைகளை எழுதிப் பழகியவர்கள், தாம் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுவதைப் போலவே இன்றும் அதைப் பற்றிப் பேசுகின்றனர். அது ஏன் என்று காண்போம்.

1960-களில் கணிப்பொறி என்பது பல்கலைக்கழகங்களுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் மட்டுமே உரிய பொருளாக இருந்தது. 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரு கணிதப் பேராசிரியர்கள் 'பேசிக்' என்னும் எளிய கணிப்பொறி மொழியை உருவாக்கினர். அறிவியல் பயிலாத மாணவரும் கணிப்பொறிக்கு ஆணையிட வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். 1977-இல் வீட்டுக் கணிப்பொறிகள் வந்தபோது அவற்றின் மொழியாகப் பேசிக்கே அமைந்தது. ஆனால் அவற்றின் விலையோ மிக அதிகம். அவ்வாண்டு வெளிவந்த ஆப்பிள் 2 கணிப்பொறியின் விலை 1,298 டாலர்.

இந்நிலையில்தான் கிளைவ் சின்கிளேரின் நிறுவனம் 1981-இல் 'இசட்எக்ஸ்81' என்ற சிறு கணிப்பொறியை வெளியிட்டது. அதன் விலை 69.95 பவுண்டு. உதிரிப் பாகங்களாக வாங்கி நாமே பற்றவைத்துக் கொண்டால் 49.95 பவுண்டுதான். விலை இவ்வளவு குறைந்தது எப்படி? அதற்கெனத் தனித் திரை இல்லை. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியே திரை. தகட்டுச் சேமிப்பும் இல்லை. பாட்டுக் கேட்கும் கேசட் ரிக்கார்டரே சேமிப்புக் கருவி. எழுதிய ஆணைத்தொடரை (இதனையே இப்போது நிரல் என்கிறோம்) கணிப்பொறி ஒலியாக மாற்றி நாடாவில் பதிக்கும். மீண்டும் ஏற்றும்போது ஒலியின் அளவு சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ முயற்சி வீண். முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அக்காலத்துக் கணிப்பொறி இதழ்கள் பக்கம் பக்கமாக நிரல்களை அச்சிட்டன. வாசகர் அவற்றை ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு வரியின் அமைப்பில் தவறு இருந்தால் இசட்எக்ஸ்81 அவ்வரியை ஏற்காது. தவறு நேர்ந்த இடத்தில் ஓர் அடையாளத்தைக் காட்டி நிற்கும். ஆனால் 5 என்பதற்குப் பதிலாக 6 என்று அடித்துவிட்டால் அதற்குத் தெரியாது. போதாக்குறைக்கு அச்சுப் பிழைகளும் உண்டு. எனவே நிரல் ஓடாதபோது, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று வாசகரே சிந்திக்க நேர்ந்தது. படியெடுக்கத் தொடங்கியவர் இவ்வாறு பொருள் உணரத் தொடங்கினார்.

இடப் பற்றாக்குறையும் ஓர் ஆசிரியராயிற்று. இசட்எக்ஸ்81-இன் பேசிக்கில் 0 என்று ஓர் எண்ணை எழுதினால், அது நினைவகத்தில் 7 பைட்டை அடைத்துக் கொள்ளும். அதற்குப் பதிலாக 'நாட் பை' என்று எழுதுவர். 'பை' என்பது வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம்; அது சுழி அன்று. சுழி அல்லாத எதையும் 'நாட்' என்ற ஆணை சுழியாக்கிவிடும். விடை அதே 0. செலவோ 2 பைட்தான்! இத்தகைய சிக்கனத்தின் உச்சமாக, டேவிட் ஹார்ன் என்பவர் 672 பைட்டில் ஒரு சதுரங்க நிரலை எழுதினார். அது 1983-இல் இதழில் வெளிவந்தது. கோட்டை கட்டுதல் போன்ற சில விதிகள் அதில் இல்லை. ஆனாலும் அது மனிதருடன் சதுரங்கம் ஆடியது.

அதே காலத்தில் பி.பி.சி. நிறுவனம் மக்களுக்குக் கணிப்பொறிக் கல்வி புகட்டத் திட்டமிட்டது. அதற்காக ஏக்கார்ன் நிறுவனம் செய்த 'பி.பி.சி. மைக்ரோ' 1981 இறுதியில் வெளிவந்தது. நம் நாட்டுப் பள்ளிகளில் 1984-இல் தொடங்கிய கணிப்பொறிக் கல்வித் திட்டத்திலும் இதுவே இடம்பெற்றது. இதனை வடிவமைத்தவர்களுள் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவரும் முதன்மையானவர்கள். 1985-இல் இயங்கத் தொடங்கிய 'ஆர்ம்' நுண்செயலியும் இவர்கள் படைப்பே. உங்கள் வீட்டுக் கைப்பேசியில் இருப்பது பெரும்பாலும் அந்த நுண்செயலியின் வழித்தோன்றலே.

பிற்காலக் கணிப்பொறிகள் ஆற்றலில் பன்மடங்கு வளர்ந்தன. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பழைய கணிப்பொறியை இயக்கியதும் அது உங்கள் ஆணைக்காகக் காத்திருக்கும். நீங்கள் எழுதினால்தான் ஏதேனும் நிகழும். புதியவற்றிலோ எல்லாம் ஆயத்தமாக இருக்கின்றன. எழுத வேண்டிய தேவையே இல்லை. இதன் விளைவைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எபன் அப்டனும் அவருடைய நண்பர்களும் கண்டனர். கணிப்பொறியியல் பயில விண்ணப்பித்தோர் தொகை குறைந்தது. வந்தவர்களுக்கும் நிரல் எழுதிய பழக்கம் குறைவாக இருந்தது. இதற்கு மாற்றாக அவர்கள் உருவாக்கிய 'ராஸ்பெரி பை' என்ற சிறு கணிப்பொறி, 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் வெளிவந்தது.

மாணவ நண்பர்களே, பள்ளியிலோ வீட்டிலோ ஒரு கணிப்பொறி கிடைத்தால், 1 முதல் 100 வரையுள்ள பகா எண்களைக் காட்டும் நிரல் ஒன்றை ஒரு நூலிலிருந்து பார்த்து அடியுங்கள். பிறகு அதில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள். ஓடவிடுவதற்கு முன், என்ன விடை வரும் என்று தாளில் எழுதி வையுங்கள். திரையில் வேறு விடை வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். அந்த வேறுபாட்டின் காரணத்தைத் தேடியே ஒரு தலைமுறை இக்கலையைக் கற்றது.